டிஸ்க் விலகினால் ஆபரேஷன்தானா?

கேள்வி: எனக்கு வயது 43. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வேலை. அச்சில் ஊற்றுவது, பிசிறு சீவுவது, வர்ணம் பூசுவது என்று பதினைந்து வருடமாகச் செய்கிறேன். பீஸ் கணக்கில் கூலி. இரண்டு வருடமாக இடுப்புவலி. ஆறு மாதமாக வலது பின்தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை எரிச்சல் இறங்குகிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. இன்னும் பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று என இரண்டு டிஸ்க் விலகியிருப்பதாகச் சொல்லி, ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். செய்தால்தான் விழும் என்கிறார் என் மாமியார். பெரியவள் பிறந்தபோது சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். எல்லாம் அதனால் வந்த வினை என்றும் சொல்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா, டாக்டர்?
– எஸ்.கே., திட்டக்குடி

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. நடந்து, பஸ் ஏறி, வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. தாளில் எழுதியிருப்பதால் மட்டும் கால் விழுந்துவிடாது. உங்கள் வலி நிஜம். அதை இரண்டு வருடம் தாங்கிக்கொண்டு பீஸ் கணக்கில் வேலை செய்வது சாதாரண காரியமில்லை. ஆனால் தொந்தரவு தருகிற நோய் வேறு, ஆபத்தான நோய் வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது முதல் வகை. ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் முயல வேண்டியதே அந்த வழிதான்.

நம் முதுகெலும்பு துண்டு துண்டாக அடுக்கப்பட்டது. துண்டுகளுக்கு நடுவே இருப்பதுதான் டிஸ்க் (அதிர்வைத் தாங்கும் குருத்தெலும்புத் தட்டு). எந்த டிஸ்க்கும் இடம்விட்டு நழுவி ஓடிவிடுவதில்லை. வயதாக ஆக அதில் நீர்ச்சத்து குறைகிறது, தட்டையாகிறது, ஓரம் கொஞ்சம் பிதுங்குகிறது. ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்று இருப்பது இந்தப் பிதுக்கத்தைத்தான். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 20 வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்குப் பிதுக்கம் இருந்தது. 40 வயதில் பாதிப்பேருக்கு. 80 வயதில் 84 பேருக்கு. இவர்கள் யாருக்கும் ஒரு வலியும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே உங்கள் வயதில் டிஸ்க் பிதுக்கம் என்பது நரைமுடி மாதிரி. தேடினால் கிடைக்கும், கிடைத்ததெல்லாம் நோயாகிவிடாது. இதைச் சொல்லாமல் வெறும் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது, என்னைக் கேட்டால், பாதி நோயைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம்.

ஆனால் காலில் இறங்கும் எரிச்சலை நான் வயதுக் கணக்கில் தள்ளமாட்டேன். அது சயாட்டிகா (இடுப்பில் நரம்பு உறுத்தப்படுவதால் காலுக்கு இறங்கும் வலி) போலத் தெரிகிறது. பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் மட்டும் அந்த எரிச்சல் வருவதில்லை. டிஸ்க்கின் உள்ளிருந்து கசியும் பொருள் நரம்பைச் சுற்றி அழற்சியை (வீக்கமும் எரிச்சலும்) உண்டாக்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், அப்படி வெளியே வந்ததை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. ரத்தத்தின் துப்புரவு அணுக்கள் வந்து அதைக் கரைத்துவிடப் பார்க்கின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு: கொஞ்சமாகப் பிதுங்கியதைவிட, பெரிதாக உடைந்து வெளியே வந்த துண்டுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகிறது. ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாக இருப்பது அடங்குவதிலும் முந்திக்கொள்ளலாம்.

ஆபரேஷனைப் பற்றி நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. கடுமையான சயாட்டிகாவோடு வந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறுபாதிக்கு மருந்து, உடற்பயிற்சி, காத்திருத்தல். தாங்க முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். முதல் பிரிவினருக்கு வலி சீக்கிரம் குறைந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்ற 61 பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை, அம்மா. கால்வலியில் தூக்கமே இல்லாமல் துடிப்பவருக்கு அது விரைவாக நிவாரணம் தரும். ஆனால் அது கால்வலிக்கான ஆபரேஷன். கால் தொந்தரவு இல்லாத வெறும் இடுப்புவலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் அதை நம்பிப் போகிறவர்கள் பலர் ஏமாந்துதான் வருகிறார்கள்.

சிசேரியன் ஊசி மேல் பழி போடாதீர்கள். நம் ஊரில் முதுகுவலி என்று வரும் பெண்களில் நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் நீண்ட காலம் ஒப்பிட்ட ஆய்வுகளில், முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளை பெற்ற பிறகு தளர்ந்துபோன வயிற்றுத் தசைகளும், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செய்த வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் தசைகளை இப்போதும் சரிசெய்யலாம்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு ஈரம் குடித்தால் கனம் கூடும். அதைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி, களிமண் குழம்பை ஊற்றி, மிச்சத்தைக் கவிழ்த்து வடித்து, திறந்து, பொம்மையை எடுத்து வைக்கிறீர்கள். பிறகு சின்னப் பலகையில் உட்கார்ந்து, பொம்மையை மடிக்கு அருகில் பிடித்து, தலையைக் கவிழ்த்தபடி மணிக்கணக்கில் பிசிறு சீவுகிறீர்கள். கண்ணும் மூக்கும் எழுதும்போது தலை இன்னும் தாழும். நிமிர்ந்திருக்கும் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அது முன்னால் சாயச் சாயப் பிடரித் தசைகள் தாங்க வேண்டிய பாரம் பல மடங்காகிறது. கொலு சீசனும் கார்த்திகை விளக்கு சீசனும் வந்தால் ஆர்டர் குவியும், நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள். வலி எந்த மாதங்களில் கூடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். குனிவது தவறில்லை, முதுகு குனிவதற்காகவே படைக்கப்பட்டது. ஒரே நிலையில் உறைந்துபோவதுதான் தவறு.

இன்னொரு காரணம் ஸ்கேனில் தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலத்தின் உணர்திறன் கூடிவிடுகிறது. சாதாரண அசைவைக்கூட அது ஆபத்தாக மூளைக்குச் சொல்கிறது. தூக்கம் கெட்டால் கூடும், கவலைப்பட்டால் கூடும். ‘கால் விழுந்துவிடும்’ என்று யாராவது சொன்ன அன்று ராத்திரி வலி அதிகமாக இருந்திருக்கும், இல்லையா? வலி மனதில் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பயந்து அசையாமல் இருப்பதால் தசை தளர்ந்து, வலி கூடி, அதனால் இன்னும் பயந்து போகிறோம்.

சிகிச்சைக்குப் போகுமுன் சில ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்திரம் போவதில் தடை அல்லது கட்டுப்பாடின்மை, மலம் தெரியாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, செருப்பு தன்னால் கழன்று விழும் அளவுக்குப் பாதம் தொங்குவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது – இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷன் தேவைப்பட்டால் தயங்கக்கூடாது. கழுத்து விஷயத்தில், கை விரல்கள் தடுமாறி ஜாக்கெட் ஊக்குகூட மாட்ட முடியாமல் போவதும், நடை தள்ளாடுவதும் அதே மாதிரிதான்.

காய்ச்சல், உடல் இளைப்பு, ராத்திரி படுத்தாலும் குறையாத வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் பார்க்க வேண்டும். உங்களிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பீங்கான் வேலையில் பறக்கும் தூசியில் சிலிக்கா (மணலில் உள்ள தாதுப்பொருள்) உண்டு. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் நுரையீரலில் காசநோய் எளிதாகப் புகும். ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே அது காசநோயாக இருந்தாலும் நடுங்க வேண்டாம். ஆபரேஷன் இல்லாமல் முதுகைக் காப்பாற்றலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், 1970-களின் நடுவில் ஒரு சோதனையை ஆரம்பித்தது. கால் செயலிழக்காத முதுகெலும்புக் காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு எலும்பைச் சுரண்டியெடுத்து ஒட்டுவைக்கும் பெரிய ஆபரேஷனும் மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆறு அல்லது ஒன்பது மாத மருந்து மட்டும். படுக்கையில் போடவில்லை, நடமாடவிட்டார்கள். பத்து வருடம் தொடர்ந்து கவனித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் மொத்தத்தில் பின்தங்கவில்லை. கிருமி எலும்பையே அரிக்கும் நோய்க்கு இந்த நிலை என்றால், கொஞ்சம் பிதுங்கிய டிஸ்க்குக்கு அவசரப்படுவானேன்?

இனி என்ன செய்வது? உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. அதனால் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில், நீண்டநாள் இடுப்புவலிக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சைகள் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. நம் ஊரில் தினமும் நடக்கிற பலவற்றை அது வேண்டாம் என்கிறது. இடுப்பு பெல்ட் வேண்டாம். எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் வேண்டாம். அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (தோல்மேல் மின்துடிப்பு கொடுப்பது), அதாவது நாம் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்கிறோமே, அதுவும் வேண்டாம். அது பரிந்துரைப்பவை: நோயைப் புரியவைப்பது, உடற்பயிற்சி, மசாஜ் முதலிய கைமுறைச் சிகிச்சை, கவலையைக் குறைக்கும் மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் அளவோடு வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை. வழக்கமாகப் பத்து நாள் கரண்ட் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு, ஒரு பயிற்சிகூடக் கற்றுத்தராத இடத்துக்குப் பதினோராம் நாள் போகாதீர்கள்.

கைமுறை என்றவுடன் சுளுக்கு எடுக்கிறவரிடமோ, காலால் பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்றோ போய்விட வேண்டாம். எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவதில் தடையில்லை. முதுகில் மிதிப்பதையும், சலூன்களில் செய்வதுபோல் கழுத்தைப் பிடித்துச் சொடுக்குவதையும் கண்டிப்பாகத் தவிருங்கள். கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரலாம்.

மாத்திரை விஷயம். மெடிக்கலில் ‘முதுகுவலிக்கு ஒரு செட் கொடுங்க’ என்று வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அந்தச் செட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் ஏற்றி, எலும்பையும் மெலிய வைக்கும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மருத்துவர் சொன்ன அளவில், சில நாளுக்கு, சாப்பாட்டுக்குப் பின் போதும். நரம்புக்கு என்று பரவலாக எழுதித்தரப்படும் ப்ரீகாபலின், சயாட்டிகாவில் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. தலைசுற்றல் மட்டும் அதிகம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் கேட்டுக் குறையுங்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டி, நீண்டநாள் வலிக்கு அது வேண்டாம் என்றது. வலி நிவாரணச் சங்கங்கள் மறுத்தன. என் கருத்து: உங்களுக்கு இப்போது தேவையில்லை.

பயிற்சிக்கு வருவோம். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை சிகிச்சையாளரிடம் (மருந்தில்லாமல் பயிற்சியால் குணப்படுத்துபவர்) காலுக்கு இறங்கும் வலியோடு ஒருவர் வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்று அனுப்பினார்கள். கட்டிலின் தலைப்பக்கம் முந்தின நோயாளிக்காக உயர்த்தி வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மனிதர் முதுகு பின்னால் வளைந்தபடி அப்படியே படுத்திருந்தார். சில நிமிடம் கழித்து வந்த மெக்கென்சி பதறிப்போனார். நோயாளியோ, ‘வாரக்கணக்கில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, காலில் வலியே இல்லை’ என்றார். அதிலிருந்து பிறந்த முறை இன்று உலகெங்கும் இருக்கிறது.

அதை நீங்களும் செய்து பார்க்கலாம். பாயில் குப்புறப் படுங்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். இடுப்பு பாயிலேயே இருக்கட்டும். ஒரு நிமிடம் போதும். இரண்டு மூன்று நாள் பழகியபின் உள்ளங்கைகளை ஊன்றி மெதுவாக எழும்பி இறங்குங்கள், ஒரு வேளைக்குப் பத்து முறை. இப்போது கவனியுங்கள்: கெண்டைக்காலில் இருந்த எரிச்சல் தொடைக்கு ஏறி, தொடையிலிருந்து இடுப்புக்கு வந்தால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. எரிச்சல் பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது, வேறு உண்டு.

கழுத்துக்கு: சுவரில் முதுகை ஒட்டி நின்று, முகவாயை மேலே தூக்காமல் நேராகப் பின்னுக்கு இழுங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். வேலைக்கு நடுவிலும் செய்யலாம், யாரும் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். தலையணை ஒன்று போதும். காலர் (கழுத்துப் பட்டை) மாட்டிக்கொண்டு திரிவதால் பிடரித் தசை தளருமே தவிரத் தேறாது.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது நடையை. ஆஸ்திரேலியாவில் இடுப்புவலி வந்து தேறிய 701 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரைப் படிப்படியாக வாரம் ஐந்து நாள், நாளைக்கு அரைமணி என்ற அளவுக்கு நடக்கவைத்தார்கள். 2024-இல் வெளியான முடிவு: நடந்தவர்களுக்கு வலி திரும்பிவர நடுமதிப்பாக 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். இதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்து வெலிங்டன் ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் தெருவே போதும். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கொஞ்சம் வலித்தால் நடக்கலாம். மறுநாள் காலையும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதம் ஓய்வெடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பீஸ் கணக்கில் வாழ்கிறவரிடம் அப்படிச் சொல்கிற மருத்துவர் யோசிக்காமல் பேசுகிறார் என்றே நினைக்கிறேன். படுத்தே கிடப்பது முதுகுக்கும் நல்லதல்ல. வேலையை மாற்றியமையுங்கள். அச்சுகளைத் தரையிலிருந்து இடுப்பு உயர மேஜைக்கு ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். வர்ணம் பூசும்போது பொம்மையை ஒரு சிறு பெட்டியின்மேல் வைத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். தலை பொம்மையைத் தேடிப் போகக்கூடாது. வாளி நிறையக் குழம்பு தூக்காமல் அரை அரையாகத் தூக்குங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் வளைந்து நிமிருங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு பீஸ்கூடக் குறையாது. பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம். திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம் வழியாகப் போய் வருகிற குலுக்கல் முழுவதும் அங்கேதான் இறங்கும்.

காசைப் பற்றி யோசிப்பீர்கள். திட்டக்குடி அரசு மருத்துவமனையிலோ விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலோ ரிப்போர்ட்டைக் காட்டி, பாதத்தின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பயிற்சிகளை இயன்முறை சிகிச்சையாளர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வட்டார அளவில் இயன்முறை சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே விவரம் சொல்வார்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தால் தள்ளிவையுங்கள். நான் சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதவரை தள்ளிவைப்பதால் பெரும்பாலும் நஷ்டமில்லை. பன்னிரண்டு வாரம் இதை ஒழுங்காகச் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது கெண்டைக்கால் எரிச்சல் இப்போது எதுவரை இருக்கிறது என்பதையும், மார்பு எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.